சன்னலோரத்து மேசை

திங்கட்கிழமை காலைப் பேருந்து கடைசி வளைவையும் ஏறி முடித்துச் சோளக்காடு ஊர் நிறுத்தத்தில் நின்றதும் சூசைமாணிக்கம் இறங்கிவிடுவார். வண்டி அங்கே பத்து நிமிஷம் நிற்கும். மற்றவர்கள் டீக்கடைக்குப் போக, அவர் மட்டும் அன்னாசி அடுக்கியிருக்கும் பக்கமாக ஒதுங்கி நின்று, சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய போனை எடுப்பார். மலைப் பனி உள்ளே இறங்கிவிடும் என்று அந்த உறை. பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்து வெட்டியது. அதைப் பிரித்து நாலாக மடித்து இடது கைவிரல்களில் இடுக்கிக்கொண்டு, வலது கட்டைவிரலால் ஒரே ஒரு பட்டனை அழுத்திப் பிடிப்பார். காதில் வைக்க மாட்டார். முகத்துக்கு நேராகப் பிடித்துத் திரையைப் பார்ப்பார். ஒரு மணி. இரண்டாவது மணி. சிவப்புப் பட்டனை அழுத்திவிடுவார். அப்புறம் போனை உள்ளங்கையில் மல்லாக்க வைத்தபடி, பதிலுக்கு ஒரு மணி அடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நிற்பார். பிறகு உறையைச் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்.

இரண்டு மணி என்றால் மேலே வந்து சேர்ந்துவிட்டேன். பதிலுக்கு ஒரு மணி வந்தால், சரி. மூன்று மணி என்றால் பேச வேண்டும், கூப்பிடு. அவருக்கும் அவர் மனைவி ரோஸ்லினுக்கும் இடையே இருந்த ஏற்பாடு இது. எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்று போன் கம்பெனிகள் சொன்ன பிறகும் அவர்கள் இதை மாற்றிக்கொள்ளவில்லை.

ரோஸ்லின் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அவளுடைய போன் மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி வீட்டில், சமையல்கட்டு அலமாரியில் இருக்கிறது. ஞாயிறு மாலை அவரே அதற்கு சார்ஜ் போட்டுவிட்டு வருவார். திங்கட்கிழமை காலையில் பூட்டிய வீட்டுக்குள் அது இரண்டு மணி அடித்து ஓயும்.

செம்மேட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் அலுவலக உதவியாளர். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். மலைக்கு மாற்றல் போட்டால் முகம் சுளிக்கிறவர்கள் நடுவே, போட்ட இடத்திலேயே இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டவர். அலுவலகச் சாவி அவரிடம். காலையில் முதல் ஆளாகக் கதவைத் திறக்க வேண்டும் என்பதால் செம்மேட்டிலேயே ஓர் அறை எடுத்துத் தங்கினார். திங்கள் ஏறினால் வெள்ளி இறக்கம். மகன் ஸ்டீபனின் படிப்புக்காக ரோஸ்லின் அடிவாரத்திலேயே இருந்தாள். ஸ்டீபன் படித்து முடித்துத் திருப்பூருக்கு வேலைக்குப் போன பிறகும் அவள் அங்கேயேதான் இருந்தாள்.

அதற்குக் காரணம் மலைக் குளிர் அல்ல. அவர் சொல்லிவிட்ட ஒரு பொய்.

அதைப் பொய் என்று சொல்வது முழுக்க நியாயமும் இல்லை. சொன்ன அன்று அது உண்மையாகத்தான் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பதிவறை எழுத்தர் பதவிக்கான பட்டியலில் அவர் பெயர் வந்துவிட்டதாக மேலதிகாரி கூப்பிட்டுச் சொன்னார். திங்கட்கிழமை ஆணை கைக்கு வரும் என்றார். சூசைமாணிக்கம் போகிற வழியில் ஒரு கிலோ லட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ரோஸ்லின் லட்டுப் பெட்டியை வாங்கி முதலில் மாதா படத்துக்கு முன்னால் வைத்தாள். அப்புறம் தெருவுக்கே கொடுத்தாள். பக்கத்து வீட்டுப் பழனாயி கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, "அப்ப இனிமே குர்ச்சி போட்டு ஒக்காருவாருன்னு சொல்லு" என்றாள்.

"குர்ச்சி மட்டுமா, டேபிளும்தானுங்க்கா" என்றாள் ரோஸ்லின்.

திங்கட்கிழமை ஆணை வரவில்லை. பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதியும் பணிப் பதிவேட்டில் வேறொரு பிறந்த தேதியும் இருந்ததாம். அவர் அதைத் திருத்திக்கொண்டு வருவதற்குள் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. அடுத்த வெள்ளி வீட்டில் சொல்லிவிடலாம் என்றுதான் இறங்கினார். போனால், ரோஸ்லின் இரண்டு பேன்ட் தைத்து வாங்கி இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். சட்டைப் பைக்குள் பேனா குத்தி நிற்பதற்குத் தனியாக ஒரு தையலும் போட்டிருந்தாள்.

"ஏனுங்க, உங்க டேபிள் எங்க போட்டிருக்காங்க?" என்று கேட்டாள்.

"சன்னலோரமா" என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. அடுத்த வாரம் அந்த மேசைக்கு மேல் கண்ணாடி வந்தது. அதற்கடுத்த வாரம் ஏழு சாவிகள் கோத்த ஒரு கொத்து. பதிவறையில் கரையான் வந்தது, மருந்தடித்தார்கள், முப்பது வருஷத்துப் பழைய ஃபைல் ஒன்று யாருக்கும் கிடைக்காமல் அவர் கைக்கு மட்டும் அகப்பட்டது. வெள்ளிக்கிழமைதோறும் ரோஸ்லின் சோற்றுக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்பாள். அவரும் சொல்வார். சொல்லும்போது அந்த அறையின் காகித வாசனைகூட அவருக்கு வந்தது. பொடி எழுத்துப் படிக்க வேண்டுமே என்று அவளே அவரைக் கூட்டிப்போய் மூக்குக்கண்ணாடி போட்டுவிட்டாள். பழுப்பு நிறப் பெட்டியும் சிறு மஞ்சள் துணியுமாக அது வந்தது.

"ஒருக்கா என்னை மேல கூட்டிட்டுப் போங்களே. அந்த டேபிளைப் பாக்கோணும்."

"அங்க என்ன இருக்குது? மழ பேஞ்சா அட்டை ஏறும். பஸ்ஸுல வாந்தி எடுப்பே."

"அட்டைக்குப் பயந்தவளா நான்? உங்களோடயே குடும்பம் நடத்தறேன்."

சிரிப்பார். ஆனால் கூட்டிப்போக மாட்டார். ஒன்பது வருஷம் இப்படி ஓடியது.

ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு புதன்கிழமை. மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் ஆய்வுக்கு வந்திருந்தார்கள். சூசைமாணிக்கத்தின் போன் பைக்குள் கிடந்தது, பை ஆணியில் தொங்கியது. சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் ரோஸ்லினிடமிருந்து ஓர் அழைப்பு. மணியைக் கேட்காததால் எத்தனை மணி அடித்தாள் என்று தெரியவில்லை. ஆனால் திங்களைத் தவிர வேறு நாளில் அவள் அடித்தால் அது மூன்றாகத்தான் இருக்கும். பதறிக் கூப்பிட்டார்.

"ஒண்ணுமில்லீங்க, கை பட்டுருச்சு" என்றாள்.

"குரல் ஒரு மாதிரி இருக்குதே?"

"வெங்காயம் உரிச்சுட்டு இருக்கேன். நீங்க சாப்டீங்களா?"

அந்த வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு, வழக்கம்போல் டம்ளரோடு குழாயடிக்கு எழுந்தார். ரோஸ்லின் குறுக்கே வந்து டம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள். "அங்கதான் நாள் முழுக்க ஃபைலோட கெடக்கறீங்க. இங்கயாவது சும்மா ஒக்காருங்க" என்றாள். அன்றிலிருந்து அவர் சாப்பிட்ட தட்டைக்கூட அவரை எடுக்க விடவில்லை. ஒருநாள் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "என்ன, எனக்குக் கையில்லையா?" என்று கத்தினார். அவள் தட்டைத் தேய்த்துக் கவிழ்த்தாள். மேசையைக் காட்டு என்று கேட்பதையும் அவள் அதற்கப்புறம் விட்டுவிட்டாள். நச்சரிப்பு ஓய்ந்தது என்று அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மூன்று வருஷம் முன்பு ஒரு வியாழக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். பழனாயிதான் பார்த்திருக்கிறாள். சூசைமாணிக்கத்துக்குச் சேதி வந்தது யாருடைய போனிலிருந்தோ. அன்றைக்கு மணி நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது.

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்மேட்டுச் சமுதாயக் கூடத்தில் ஒரு படம் போட்டார்கள். சேலத்துப் பெண் கலைச்செல்வி எடுத்த படம். ஆறு வருஷத்துக்கு முன்னால் சிறிய கேமராவும் நாலைந்து ஆட்களுமாக வந்து மலையில் எடுத்துவிட்டுப் போயிருந்தாள். பல ஊர்களில் காட்டிப் பாராட்டெல்லாம் வாங்கிய பிறகு, எடுத்த இடத்து ஆட்களுக்குக் காட்ட வேண்டும் என்று புரொஜெக்டரோடு வந்திருந்தாள். நாற்காலி அலுவலகத்து நாற்காலி. அதைத் தூக்கிப் போடவும் இடைவேளைக்கு டீ கொடுக்கவும் சூசைமாணிக்கம். கீழே போய் யாரைப் பார்ப்பது என்று பல வாரம் அவர் மலையிலேயே இருந்துவிடுகிற காலம் அது. ஞாயிறு மாலை மட்டும் இறங்கி, போனுக்குச் சார்ஜ் போட்டுப் படுத்து, திங்கள் காலை ஏறிவிடுவார்.

படத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. செத்துப்போனவர்கள் ஒரு மலைப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். பனி வருகிறது, போகிறது. ஒரு பேருந்து வருகிறது. கண்டக்டர் இறங்கி ஒவ்வொருவரிடமும் ஒன்றைக் கேட்கிறார்: உயிரோடு இருந்தபோது யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது என்ன? அதைச் சொன்னால்தான் டிக்கெட். சொன்னதும் அது அவர்களுக்கு மறந்துவிடும். கை வீசிக்கொண்டு ஏறிப் போகிறார்கள். சொல்லாதவர்கள் அடுத்த வண்டி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"இந்தப் படம் முடியறதுக்குள்ள நாமளே அந்த பஸ்ஸுக்கு ஆளாயிருவோம் போல" என்றான் பின்வரிசையில் இருந்த ஜீப் டிரைவர் ரமேஷ்குமார். நாலு பேர் சிரித்தார்கள். சோளக்காட்டுப் பழக்கடைப் பொன்னாயி திரையில் வந்தபோது கூடம் முழுக்கக் கைதட்டியது. "பொணம் நல்லா வெத்தலை போட்டிருக்குது பாரு" என்று யாரோ கத்த, முன்வரிசையில் இருந்த பொன்னாயி திரும்பி, "உன்ற பொணத்துக்கு அதுவும் கெடைக்காது போடா" என்றாள்.

சூசைமாணிக்கம் டீத் தட்டோடு கதவோரம் நின்றிருந்தார். திரையில் பொன்னாயிக்குப் பக்கத்தில் கத்தரிப்பூ நிறச் சேலையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தலையில் முக்காடு. மடியில் இரண்டு கைகளும். கைக்குள் ஒரு பழுப்பு நிறப் பெட்டி.

முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர் அடையாளம் கண்டது அந்தப் பெட்டியைத்தான். அது அவருடைய கண்ணாடிப் பெட்டி.

கண்டக்டர் அவளிடம் வந்து அதே கேள்வியைக் கேட்டார். ரோஸ்லின் நிமிர்ந்தாள். அவள் நடிகை இல்லை, பேருந்துக்குக் காத்திருந்தவளைச் சும்மா உட்காரச் சொல்லியிருக்கிறார்கள், அது பார்த்தாலே தெரிந்தது. கொஞ்சம் யோசித்தாள்.

"சொன்னா மறந்துருமுங்களா?"

"மறந்துரும்" என்றார் கண்டக்டர்.

"அப்ப நான் சொல்லலீங்க."

கண்டக்டராக நடித்தவருக்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. அடுத்த ஆளிடம் போனார். கேமரா மட்டும் போகவில்லை. பேருந்து கிளம்பிய பிறகும் அவள் உட்கார்ந்திருந்தாள். பெட்டியைத் திறந்தாள், மஞ்சள் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தாள், மூடினாள்.

"மாணிக்கண்ணே, டீ ஆறுதுங்க" என்று யாரோ சொன்னார்கள்.

அவர் டீ கொடுத்தார். எல்லாருக்கும் கொடுத்து முடித்தார்.

படம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு கலைச்செல்வியிடம் போய், அந்த இடத்தை இன்னொரு தடவை காட்ட முடியுமா என்று கேட்டார். அவள் மடிக்கணினியில் மூன்று முறை போட்டுக் காட்டினாள்.

"படத்துலயே இதான் எனக்குப் பிடிச்ச இடம் சார். நாங்க எழுதுன வசனமே இல்ல. எந்த ஊருன்னு கேட்கிறதுக்குள்ள பஸ் ஏறிட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

பக்கத்தில் ரமேஷ்குமார் நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தான்.

"பாத்த மொகம் மாதிரி இருந்துச்சுங்க" என்றார் சூசைமாணிக்கம்.

அறைக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்காகவே தன்னைத் திட்டிக்கொண்டார். என் சம்சாரம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால், அவங்க எதுக்கு மலைக்கு வந்தாங்க என்று கேட்பார்கள். அது அவருக்கே தெரியாது. தன்னிடம் மறைத்து எதற்காக வந்தாள்? என்ன சொல்ல வந்து சொல்லாமல் போனாள்? அன்றைக்கு அவர் கீழே இறங்கவில்லை. போனுக்கு சார்ஜ் போட வேண்டும் என்பதுகூட நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுச் சோளக்காட்டுக்குப் போனார். பொன்னாயி மிளகைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க பொன்னாயி, படத்துல உங்க பக்கத்துல ஒரு பொம்பளை ஒக்காந்திருந்தாங்களே."

"கண்ணாடிப் பொட்டிக்காரங்களா? நல்லா ஞாபகமிருக்குதுங்க. சூட்டிங்குன்னு எங்களை ஒரு மணி நேரம் ஒக்கார வெச்சுட்டாங்க. பேசாம எப்படி ஒக்கார்றது? அவங்ககிட்டத்தான் பேசிட்டிருந்தேன்."

"செம்மேட்டுக்குப் போகவா நின்னாங்க?"

"இல்லீங்க, செம்மேட்டு வண்டியில வந்து எறங்குனாங்க. கீழ போற வண்டிக்கு நின்னாங்க. அவங்க ஊட்டுக்காரரு அங்க ஆபீசுல இருக்காராம். கண்ணாடிய மறந்து வெச்சுட்டு வந்துட்டாருன்னு எடுத்தாந்தாங்களாம். கண்ணாடி இல்லாம ஃபைலு எப்படிப் படிப்பாரு பாவம்னு. பெரிய ஃபைலுக்காரரு போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"குடுத்தாங்களா?"

"அதத்தான் நானும் கேட்டேன். பொட்டி கையிலயே இருக்குதேன்னு. போனு போட்டேன், எடுக்கலை, பின்பக்கமாப் போய்ப் பாத்தேன், வேலையா இருந்தாருன்னாங்க." பொன்னாயி முறத்தைக் கீழே வைத்தாள். "கூப்புட வேண்டியதுதானேன்னேன். கண்ணாடி தேவைப்படலீங்க்கான்னாங்க."

அலுவலகத்தின் பின்பக்கம் ஒரு குழாய் உண்டு. அதற்கு எதிரே ஒரு பலாமரம். ஆய்வு நாளன்று காலையிலிருந்து அவர் அந்தக் குழாயடியில்தான் குந்தியிருந்தார். பதினோரு அதிகாரிகள், அவர்களுடைய டிரைவர்கள், உள்ளூர் ஆட்கள். கழுவிக் கவிழ்ப்பதற்குள் அடுத்த டீக்கு டம்ளர் வேண்டும் என்று சத்தம் வரும். அந்த வாரம் முழுக்கக் கண்ணாடியை மறந்துவிட்டு வந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. டம்ளர் கழுவக் கண்ணாடி எதற்கு? வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனபோது அது வைத்த இடத்திலேயே இருந்தது. எடுத்துச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார்.

அதற்கப்புறமும் மூன்று வருஷம், வெள்ளிக்கிழமைதோறும், அவர் அவளிடம் பதிவறைக் கதை சொல்லியிருக்கிறார். அவள் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டிருக்கிறாள். அப்புறம் என்னாச்சுங்க என்றுகூடக் கேட்டிருக்கிறாள். கையில்லையா என்று அவர் கத்தியபோது, ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். சொல்லவில்லை.

பொன்னாயி ஒரு பழச்சீப்பை நீட்டி, "உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்றாள்.

"என்ற சம்சாரம்" என்றார் சூசைமாணிக்கம். இந்தத் தடவை சொல்லிவிட்டார். கேட்க வேண்டியவர்கள் யாரும் அங்கே இல்லை. "அந்த ஆபீசுல நான் டீ வாங்கறவன். கிளார்க்கு இல்லீங்க."

"அது எனக்குத் தெரியாதா, வாரா வாரம் பாக்கறதுதானே" என்றாள் பொன்னாயி, ஒன்றும் புரியாமல்.

மலையில் அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அங்கே ஒப்புக்கொள்வதில் ஒன்றுமே இல்லை. ஒப்புக்கொள்ள வேண்டுமானால் கீழே ஒப்புக்கொள்ள வேண்டும், லட்டு கொடுத்த தெருவில். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருந்தது. ஓய்வு பெறும்போது பதிவறை எழுத்தர் என்று தெருவில் மாலை போட்டுவிடுவார்கள், அதையும் வாங்கிக்கொண்டு நிற்க முடியாது என்று நினைத்தார். ரோஸ்லினிடம் சொல்ல இனி வழியில்லை. அவளுடைய சிநேகிதியிடமாவது சொல்லிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை இறங்கினார். பழனாயி தன் வீட்டு வாசலில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க கிளார்க்கய்யா. ஞாயித்துக்கெழமை வருவீங்கன்னு பாத்தேன், காணமே. இந்தத் திங்கக்கெழமை உங்க ஊட்டுக்குள்ள போனும் அடிக்கலை, என்னமோ ஏதோன்னு இருந்துச்சு."

"அக்கா, ஒண்ணு சொல்லோணும். நான் கிளார்க்கு இல்லீங்க. அன்னைக்கு லட்டுக் குடுத்தது… ஆர்டரு வரவே இல்லை. இன்னைக்கு வரைக்கும் நான் அங்க டம்ளரு கழுவறவன்தான். ரோஸிகிட்டயும் பொய்தான் சொல்லிட்டிருந்தேன்."

பழனாயி குடத்தை வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தனியாகக் கிடந்து இந்த மனுஷனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"ஏனுங்க, யாருகிட்ட வெளையாடறீங்க? ரோஸ்லின்தான் ஒருக்கா மேல போயி நேர்ல பாத்துட்டு வந்தாளே. அன்னைக்குச் சாயங்காலம் இந்த வாசப்படியில நின்னுதான் தெருவுக்கே சொன்னா. சன்னலோரமா டேபிளாம், மேல கண்ணாடி போட்டிருக்குதாம், இடுப்புல ஏழு சாவி தொங்குதாம், அவரு எழுதிட்டிருந்தாரு நான் கூப்புடலைன்னு. அந்தக் கண்ணாடிக்கு அடியில அவ போட்டோவ வெச்சிருக்கீங்களாமே?"

போட்டோவைப் பற்றி அவர் ஒருநாளும் சொன்னதில்லை.